டிராகன் இருக்கட்டும், ஊர்க்காவலையும் உள்ளே விடுங்கள்: டன்ஜன் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டன்ஜன் மாஸ்டர்களே,

நாலைந்து பேரை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற பாத்திர விளையாட்டில் விடிய விடியக் கதை நடத்தும் உங்களுக்கு ஒரு கோரிக்கை. உங்கள் கற்பனை உலகம் மத்திய கால ஐரோப்பாவின் சாயலில் அமைந்தது என்று ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறீர்கள். கோட்டையும் குதிரை வீரனும் மதில் சூழ்ந்த நகரமும் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே வாழ்ந்த மனிதர்களை ஒருவரோடு ஒருவர் கட்டிப்போட்டிருந்த எதுவும் இல்லை.

டிராகனோடு எனக்குச் சண்டை கிடையாது. எல்ஃப், டுவார்ஃப், பேசும் வாள், மண்ணுக்கடியில் புதைந்த நகரம் எல்லாம் இருக்கட்டும். அவை கற்பனை என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கு உறுத்துவது ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடம். ஊர் பேர் தெரியாத நாலு பேர், இடுப்பில் வாளும் முதுகில் வில்லுமாக, இருட்டிய பிறகு ஒரு ஊருக்குள் நுழைகிறார்கள். நீங்கள் யார், யாருடைய ஆள், எதற்கு வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நேராக விடுதிக்குப் போகிறார்கள், ஒரு தங்கக் காசை மேசையில் வீசுகிறார்கள், மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமி வேலை கொடுக்கிறான். டிராகனை நம்பிவிடுகிற என்னால் இதை நம்ப முடியவில்லை.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஆட்டத்து விதிநூல்களின் உலகம் பெரும்பாலும் அந்த ஊரைப் பார்த்து வரைந்ததுதான். 1285இல் முதலாம் எட்வர்ட் வின்செஸ்டரில் ஒரு சட்டம் போட்டார். அதன்படி மதில் உள்ள நகரங்களின் வாசல் சூரியன் மறைந்ததும் மூடப்படும், விடிந்த பிறகுதான் திறக்கும். கோடை மாதங்களில் நகரத்தின் ஒவ்வொரு வாசலிலும் ஆறு பேர் இரவுக் காவல் நிற்க வேண்டும். கிராமத்திலும் அதன் அளவைப் பொறுத்து நாலு பேரோ ஆறு பேரோ நிற்க வேண்டும். இரவில் வரும் அந்நியனைப் பிடித்து விடியும் வரை வைத்திருக்க வேண்டும். சந்தேகம் இல்லையென்றால் காலையில் விட்டுவிடலாம், இருந்தால் ஷெரிஃபிடம் ஒப்படைக்க வேண்டும். பிடிபட மறுத்து ஓடினால் ஊரே கூக்குரல் எழுப்பித் துரத்தும், அடுத்த ஊரும் சேர்ந்துகொள்ளும். நகரத்தின் விளிம்பில் அந்நியனுக்கு இடம் கொடுத்தால், கொடுத்தவர் அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரு சந்தை ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இருநூறு அடி வரை புதர்களை வெட்டிவிட வேண்டும், திருடன் ஒளிந்துகொள்ளாமல் இருக்க. உங்கள் ஆட்டத்தில் வழிப்பறிக் கும்பல் எப்போதும் சாலையோரப் புதரிலிருந்துதான் குதிக்கிறது. போகட்டும், சட்டம் போட்டதாலேயே எல்லா இடத்திலும் புதரை வெட்டிவிட்டார்கள் என்று நானும் நம்பவில்லை.

இதைவிட முக்கியமானது, பதினைந்து வயது முதல் அறுபது வயது வரை ஒவ்வொரு ஆணும் தன் வசதிக்கேற்ற ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி. வசதியானவன் சங்கிலிக் கவசம், இரும்புத் தொப்பி, வாள், கத்தி, குதிரை வைத்திருக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவனிடம் வில்லும் அம்புமாவது இருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை சோதனை நடக்கும். ஆக, பத்து கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்று அழும் உங்கள் கிராமத்தார் எந்த நாட்டுக்காரர்கள் என்று எனக்குப் புரியவில்லை. உண்மையான கிராமம் கோப்ளின்களையும் துரத்தியிருக்கும், உங்கள் நாலு பேரையும் சேர்த்துத் துரத்தியிருக்கும்.

அப்புறம், தனியாள் என்ற ஒருவனே அந்தச் சமூகத்துக்குப் புதிர். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பன்னிரண்டு வயது நிரம்பிய சாதாரணக் குடியானவன் எவனும் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அவன் குற்றம் செய்துவிட்டு ஓடினால் மற்றவர்கள் அபராதம் கட்ட வேண்டும். பண்ணையடிமையாக இருந்தால் மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் தர வேண்டும். செத்தால் வீட்டிலிருக்கும் சிறந்த மாடு பிரபுவுக்குப் போகும். பிளேக் வந்து கூலியாட்கள் குறைந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. 1388இல் வந்த சட்டப்படி, தன் வட்டாரத்தை விட்டு வெளியே போகும் வேலையாளிடம் அரச முத்திரை குத்திய கடிதம் இருக்க வேண்டும். இல்லாதவனைப் பிடித்துக் காலைத் தொழுமரத்தில் மாட்டலாம். ஆயுதம் தரிப்பதற்கும் அளவு இருந்தது. 1328இல் நார்தாம்ப்டனில் போட்ட சட்டம், சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ஆயுதத்தோடு சுற்றுவதைத் தடை செய்தது. உங்கள் முரட்டு வீரன் பார்பேரியன் இரட்டைக் கோடரியோடு கறிகாய் வாங்கப் போகிறானே, அந்தச் சந்தையில்தான்.

ஊர்விட்டு ஊர் போனவர்களே கிடையாது என்று சொல்ல வரவில்லை. யாத்திரிகர்கள் போனார்கள், பிச்சையேற்கும் துறவிகள் போனார்கள், மாணவர்களும் வணிகர்களும் கல்தச்சர்களும் போனார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு மடமோ கில்டோ (தொழிற்குழு) பிஷப்போ பிரபுவோ இருந்தார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருந்தது. உங்கள் கேரக்டர் தாளில் இனத்துக்கும் (எல்ஃபா, மனிதனா) வகுப்புக்கும் (வீரனா, மந்திரவாதியா) கட்டம் இருக்கிறது, நீ யாருடைய ஆள் என்பதற்குக் கட்டமே இல்லை.

சரி, விடுதிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பெரிய சாலைகளிலும் நகரங்களிலும் தங்கும் விடுதிகள் இருந்தது உண்மை. துறவு மடங்களிலும் வழிப்போக்கருக்கு இடம் கிடைத்தது. வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே நினைத்து வரவேற்க வேண்டும் என்பது புனித பெனடிக்டின் மடவிதி. ஆனால் சின்னஞ்சிறு கிராமத்தில் பெயர்ப்பலகை தொங்கும் இரண்டு மாடி விடுதியும், மாடியில் ஆளுக்கொரு அறையும், அடுப்பில் எந்நேரமும் வெந்துகொண்டிருக்கும் குழம்பும் கிடையாது. அங்கே இருந்தது ஏல் என்ற பழைய வகை பீர் விற்கும் வீடு. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்க்காத பழைய ஏல் சில நாட்களிலேயே புளித்துவிடும், தூரம் கொண்டுபோகவும் முடியாது. அதனால் ஒரு வீட்டுப் பெண் காய்ச்சினால் வாசலில் ஒரு கம்பை நட்டு அடையாளம் காட்டுவாள். அக்கம்பக்கத்தார் வந்து குடிப்பார்கள், வாங்கிப் போவார்கள். அது தீர்ந்ததும் கம்பு அடுத்த வாரம் வேறொரு வீட்டு வாசலில் நிற்கும். காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏல் சோதிக்க என்றே ஊரில் ஒரு அதிகாரி உண்டு. அவர் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் விற்பனை. ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்த 13ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் இருந்தது, அதை மீறியதற்குக் கட்டிய அபராதங்கள் பண்ணை நீதிமன்றச் சுருள்களில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. பெண்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் இடம் மாறும் மதுக்கடை! ரகசியத் தகவல் தரும் ஆசாமியைச் சந்திக்க வேண்டுமென்றால் இந்த வாரம் யார் வீட்டு வாசலில் கம்பு நட்டிருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தவர்கள், வரப்புத் தகராறில் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டவர்கள், சம்பந்திகள். அந்த அறைக்குள் உங்கள் பார்ட்டி, அதாவது அந்த நாலு பேர் சாகசக் குழு, நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். முக்காடு போட்டவன் வேலை கொடுக்கும் காட்சியைவிட இதில் எவ்வளவு கதை இருக்கிறது!

இனி அந்தத் தங்கக் காசு. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் புழங்கியது வெள்ளி பென்னி மட்டும்தான். சில்லறை வேண்டுமென்றால் பென்னியை இரண்டாகவும் நாலாகவும் வெட்டினார்கள். 1279இல்தான் கால் பென்னியைத் தனிக் காசாக அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஃபிளாரன்ஸ் 1252இலேயே தன் தங்க ஃபுளோரினை வெளியிட்டது. அதைப் பார்த்து 1257இல் மூன்றாம் ஹென்றியும் ஒரு தங்கக் காசு போட்டார், எடுபடவில்லை. 1344இல் வந்த நோபிள்தான் நிலைத்தது. ஒரு நோபிளுக்கு 80 பென்னி. 1351இன் கூலிச் சட்டத்தில் வைக்கோல் உலர்த்துபவருக்கு நாளுக்கு ஒரு பென்னி, தலைமைத் தச்சருக்கு மூன்று பென்னி என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். அப்படியானால் குடித்த ஏலுக்கு ஒரு நோபிளை நீட்டுவது எண்பது நாள் கூலியை நீட்டுவது. மீதியைக் கொடுக்க ஊர் முழுக்கத் துழாவினாலும் சில்லறை தேறாது. கிராமத்து வியாபாரத்தில் பெரும்பகுதி கடனில்தான் ஓடியது. அறுவடைக்குப் பிறகு தருகிறேன், உனக்கு இரண்டு நாள் உழுது கொடுக்கிறேன் என்ற பேச்சில்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விலைப்பட்டியலைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பயிற்சி இல்லாத கூலியாளுக்கு நாளுக்கு இரண்டு வெள்ளிக் காசு, அதாவது இருபது செப்புக் காசு. ஒரு கோழியின் விலை இரண்டு செப்புக் காசு. ஒரு நாள் கூலிக்குப் பத்துக் கோழி! நிஜ உலகத்துக் கூலியாளுக்கு ஒரு கோழிக்கே ஒரு நாள் கூலியோ அதற்கு மேலோ போயிருக்கும். அந்த உலகத்தில் விவசாயி ஏன் கந்தலோடு இருக்கிறான் என்று இந்தப் பட்டியலை வைத்து விளக்கவே முடியாது.

இப்படி ஒரு உலகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளையாட்டை உருவாக்கியவர்களே துப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட விளையாட்டு இது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூர்தான் அதன் பிறப்பிடம். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் சாகசத்துக்கான சாமான்களின் விலைகள் ஏன் இவ்வளவு உயர்ந்திருக்கின்றன என்பதற்கு கைகாக்ஸ் ஒரு விளக்கம் தருகிறார்: தங்க வேட்டைக் காலத்து அலாஸ்கா ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு முட்டை ஒரு டாலருக்கு விற்றது. இதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டம் எட்டாத எல்லைப்புறம், சலூன், கேள்வி கேட்காத மக்கள், வெளியூர்த் துப்பாக்கிக்காரனிடம் உதவி கேட்கும் ஷெரிஃப், எல்லைக்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம், அங்கே கொன்றாலும் வழக்கு வராத 'காட்டுமிராண்டிகள்'. அமெரிக்க மேற்குக்குச் சங்கிலிக் கவசம் மாட்டிவிட்டிருக்கிறார்கள். கோப்ளின் முகாமைக் கொளுத்திவிட்டு அங்கிருந்த பெட்டியைத் தூக்கிவரும் காட்சி எந்தச் சரித்திரத்திலிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. அது மத்திய காலத்துக் கசப்பு இல்லை, 19ஆம் நூற்றாண்டினுடையது.

மத்திய கால ஐரோப்பாவுக்கும் எல்லைப்புறங்கள் இருந்தன. ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சியிலிருந்து பிடித்த நிலங்களிலும், எல்பே நதிக்குக் கிழக்கேயும் புதிய ஊர்கள் எழுந்தன. அங்கேகூடக் குடியேறியவர்கள் கையில் சாசனத்தோடு போனார்கள். எத்தனை வருஷம் வரி கிடையாது, யார் நீதி சொல்வது, ஆலை யாருடையது என்றெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்.

பாதாளத்தில் கிடைக்கும் புதையலுக்கும் இதே கதிதான். இங்கிலாந்தில் உரிமையாளர் தெரியாமல் புதைந்து கிடக்கும் பொன்னும் வெள்ளியும் அரசருடையது. 1194இல் உருவான கொரோனர் பதவியின் வேலைகளில் ஒன்று இந்தப் புதையலை விசாரிப்பது. கண்டெடுத்து மறைப்பது குற்றம். சந்தேக மரணங்களை விசாரிப்பதும் அதே கொரோனர்தான். டன்ஜன் என்ற அந்தப் பாதாளத்திலிருந்து மூட்டை மூட்டையாகத் தங்கத்தோடும் ஒரு நண்பனின் பிணத்தோடும் வெளியே வரும் பார்ட்டி, ஒரே அதிகாரியிடம் இரண்டு கணக்கும் சொல்ல வேண்டியிருக்கும். டிராகனைவிட இவர் பயங்கரமான எதிரி. அடிபட்டால் குறையும் ஹிட் பாயின்ட் கிடையாது, எழுத்தர் உண்டு.

மதத்தை வேகமாகக் கடந்துவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. உங்கள் ஆட்டத்துப் பூசாரியான கிளெரிக் ஒரு தெய்வத்தைத் தேர்ந்தெடுக்கிறார், காயம் ஆற்றுகிறார், அவ்வளவுதான். 1215இன் நான்காம் லாட்டரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, ஒவ்வொரு கிறிஸ்தவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு. வெள்ளிக்கிழமையிலும் தவக்காலத்திலும் கறி கிடையாது. கல்யாணம், உயில், அவதூறு வழக்குகள் எல்லாம் திருச்சபை நீதிமன்றத்துக்குப் போகும். அதன் உண்மையான பலம் எங்கே தெரிந்தது என்றால், 1208இல் ஜான் மன்னரோடு ஏற்பட்ட தகராறில் போப் மூன்றாம் இன்னொசென்ட் இங்கிலாந்து முழுவதற்கும் வழிபாட்டுத் தடை போட்டபோது. ஆறு வருஷம். குழந்தைகளின் ஞானஸ்நானமும் சாகப்போகிறவரின் பாவமன்னிப்பும் தவிர மற்றச் சடங்குகள் நின்றன. செத்தவர்களைப் புனித நிலத்தில் புதைக்க முடியவில்லை. ஒரு நாட்டின் பிணங்களையே காக்க வைக்கும் அதிகாரம்! உங்கள் கிளெரிக்கின் ஃபயர் பால் என்ற தீக்கோள மந்திரம் இதற்கு முன்னால் என்ன?

(ஃபயர் பால் மந்திரவாதியான விசர்டின் ஸ்பெல், கிளெரிக்கினுடையது அல்ல என்று யாரோ கை தூக்குவது தெரிகிறது. சில டொமைன்களை, அதாவது தெய்வத்தின் துறைகளை, எடுத்த கிளெரிக்குகளுக்குக் கிடைக்கும், விதிநூலைப் பாருங்கள்.)

மந்திரம் இருக்கும் உலகத்தில் இந்த விதிகளெல்லாம் அப்படியே இருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, நானும் அதைத்தான் கேட்கிறேன். மந்திரம் நிஜமென்றால் சமூகம் மாறியிருக்க வேண்டும். உங்கள் உலகத்தில் அது மாறவும் இல்லை, பழையபடி இருக்கவும் இல்லை.

பிளான்ட் குரோத் (பயிர் வளர்ச்சி) என்று ஒரு மூன்றாம் நிலை ஸ்பெல் இருக்கிறதே. இயற்கை மந்திரம் தெரிந்த ட்ருயிட் ஒருவர் எட்டு மணி நேரம் செலவழித்தால், அரை மைல் ஆரத்துக்குள் இருக்கும் நிலம் ஒரு வருஷத்துக்கு இரட்டிப்பாக விளையும். சுமார் 500 ஏக்கர். மத்திய கால வயலில் ஒரு மூட்டை விதைத்தால் மூன்று அல்லது நாலு மூட்டைதான் கிடைக்கும். நாலு கிடைத்தால் ஒன்று அடுத்த விதைப்புக்குப் போய்விடும், கையில் மிஞ்சுவது மூன்று. அதை இரட்டிப்பாக்கினால் எட்டு, விதை போக ஏழு. அதாவது மிச்சம் இரண்டு மடங்குக்கும் மேல். 1315 முதல் 1317 வரை விடாத மழையில் பயிர் அழுகி வட ஐரோப்பா பட்டினியில் செத்த காலத்தில் அந்த ஒரு ஸ்பெல் இருந்திருந்தால்? பெரும்பான்மை மக்கள் ஏர் பிடித்தால்தான் மிச்சப் பேர் சாப்பிட முடியும் என்ற கணக்கே உடைந்துவிடும். எந்தப் பிரபு ஒரு ட்ருயிடைக் காட்டில் சும்மா திரிய விடுவார்? சங்கிலி போட்டாவது வைத்துக்கொள்வார், இல்லை மகளைக் கட்டிக்கொடுப்பார். ட்ருயிட் யாருடைய நிலத்தை முதலில் ஆசீர்வதிப்பது என்று போரே நடக்கும். ஆனால் உங்கள் ட்ருயிட் குகைக்குள் நின்று எலும்புக்கூடுகளை அடித்துக்கொண்டிருக்கிறார்.

சோன் ஆஃப் ட்ரூத், அதாவது 'உண்மை வட்டம்' என்ற ஸ்பெல்லும் அப்படித்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்க வைத்தும் நீரில் போட்டும் குற்றத்தைச் சோதித்த முறைக்குப் பாதிரிமார் துணைபோகக் கூடாது என்று நான் மேலே சொன்ன அதே 1215 சங்கம் தடை விதித்தது. அதற்கு மாற்றாக என்ன செய்வது என்று தடுமாறித்தான் இங்கிலாந்தில் ஜூரி விசாரணை பரவியது. பொய் சொல்ல முடியாத ஒரு வட்டத்தை எந்தக் கோயில் பூசாரியும் வரைய முடிந்தால் ஜூரியும் வேண்டாம், பொய்ச் சாட்சியும் நிற்காது. அப்படி ஒரு நாட்டில் பணக்காரர்கள் அந்த வட்டத்துக்குள் போகாமல் இருக்க எவ்வளவு செலவழிப்பார்கள்! இது என் கற்பனையே என்றாலும், விதிநூலில் இருக்கும் ஸ்பெல்லிலிருந்துதான் வருகிறது.

இன்னொரு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. உண்மைத்தன்மை வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் சேறாக்கிவிடும் டன்ஜன் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உலகத்தில் யாரும் குளிப்பதில்லை, தெருமுனைக்குத் தெருமுனை சூனியக்காரி எரிகிறாள், பெண்கள் கதவுக்குப் பின்னால் அழுகிறார்கள். இதுவும் பொய்தான். 1260களின் இறுதியில் எட்டியன் புவாலோ பாரிஸின் தொழிற்குழு விதிகளைத் தொகுத்தார். அதில் குளியலறை நடத்துவோருக்கும் தனி விதி இருக்கிறது. பட்டு நூற்கும் பெண்களுக்கென்றே குழுக்கள் இருந்தன. சூனிய வழக்குகள் உச்சத்தில் இருந்தது 1560க்குப் பிறகு, அச்சு இயந்திரமும் பீரங்கியும் வந்து வெகுகாலம் கழித்து. அழுக்கையும் கொடுமையையும் கூட்டினால் மத்திய காலம் வந்துவிடாது.

அப்படியானால் உங்கள் பார்ட்டி போன்ற ஆட்களே அன்று இல்லையா என்றால், இருந்தார்கள். 1360இல் இங்கிலாந்தும் பிரான்சும் பிரெத்தினியில் சமாதானம் செய்துகொண்டதும் சம்பளம் நின்றுபோன சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஊர்களைப் பிடித்துக் கப்பம் வாங்கினார்கள். 1362இல் பிரிஞ்ஞே என்ற இடத்தில் பிரெஞ்சு அரசரின் படையையே தோற்கடித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஹாக்வுட் இத்தாலிக்குப் போய், ஒப்பந்தம் எழுதி நகரங்களுக்காகச் சண்டை போட்டுப் பெரும்பணம் சேர்த்து, 1394இல் ஃபிளாரன்ஸில் செத்தார். அந்த நகரத்துப் பேராலயச் சுவரில் பாவ்லோ உச்செல்லோ 1436இல் வரைந்த அவருடைய குதிரை ஓவியம் இன்றும் இருக்கிறது. உங்கள் ஆட்டத்தின் உச்சப் படியான இருபதாம் லெவல், நிஜ வாழ்க்கையில் இதுதான். ஆனால் அவர்கள் வரும் செய்தி கேட்டு எந்த ஊரும் விடுதிக் கதவைத் திறந்து வைக்கவில்லை.

இதையெல்லாம் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தால் சுவை போய்விடும் என்பார்கள். போகாது, ஏற்கனவே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சிவல்ரி அண்ட் சோர்சரி என்ற ஆட்டம் 1977இலேயே நிலப்பிரபுத்துவத்தை விதிகளுக்குள் கொண்டுவர முயன்றது, அளவுக்கு மீறிய சிக்கலோடு. 1985இல் வந்த பென்டிராகன் என்ற ஆட்டத்தில் ஒவ்வொரு வருஷக் குளிர்காலத்திலும் உங்கள் நைட் (குதிரை வீரன்) பண்ணைக்குத் திரும்பி வருமானம் பார்க்க வேண்டும், கல்யாணம் செய்ய வேண்டும், வயதாக வேண்டும். கடைசியில் மகன் வந்து ஆட்டத்தைத் தொடர்வான். என் கணக்கில் அதுதான் இந்த வகையிலேயே சிறந்த விதி. 2018இல் வந்த கணினி விளையாட்டான கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) நடக்கிறது. டிராகனே இல்லாமல் லட்சக்கணக்கானவர்களை இழுத்தது.

என் கோரிக்கை சின்னது. டிராகனை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு கேரக்டருக்கும் மூன்று கேள்வி சேருங்கள்: நீ யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய், உனக்காக யார் ஜாமீன் நிற்பார், நீ ஓடிப்போனால் ஊரில் யார் அபராதம் கட்டுவார். அது போதும், மற்றதைக் கதையே பார்த்துக்கொள்ளும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் புனித ஆல்பன்ஸ் கதையை அப்படியே ஆட்டமாக நடத்திப் பாருங்கள். லண்டனுக்கு வடக்கே ஒரு ஊர், ஊரை ஆளும் பெரிய மடம். ஊர்க்காரர்கள் தானியத்தை மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டும், கட்டணம் கொடுத்து. அவர்கள் வீட்டில் திருகைக்கல் வைத்துத் தாங்களே அரைத்துக்கொண்டார்கள். அப்போதைய மடத்தலைவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட், கொல்லனின் மகன், கணித மேதை, சூரிய சந்திரரின் போக்கைக் காட்டும் வானியல் கடிகாரத்தை வடிவமைத்தவர், தொழுநோயில் உருகிக்கொண்டிருந்தவர். இப்படி ஒரு வில்லனை எந்த விதிநூலும் தந்ததில்லை, அவரை வில்லன் என்று சொல்லவும் எனக்கு முழு மனது வரவில்லை. அவர் 1331இல் வீடு வீடாகத் திருகைக்கற்களைப் பறிமுதல் செய்து, தன் மடத்து வரவேற்பறையின் தரையில் பதித்துவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதன்மேல் நடந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1381இல், தலைவரி எதிர்ப்பில் நாடே எழுந்தபோது, வில்லியம் கிரிண்ட்காப் தலைமையில் ஊர்க்காரர்கள் மடத்துக்குள் புகுந்தார்கள். பழைய சாசனங்களை வாங்கிக் கொளுத்தினார்கள். அந்தத் தரையைப் பெயர்த்துக் கற்களை உடைத்து, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை புனித ரொட்டியைப் பங்கிடுவதுபோல ஆளுக்கொரு துண்டாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கிரிண்ட்காப்பைச் சில வாரங்களில் தூக்கில் போட்டார்கள்.

இதில் மடம் இருக்கிறது, பூட்டிய அறை இருக்கிறது, தரைக்குள் புதைத்த பொருள் இருக்கிறது. பார்ட்டி உள்ளே புகுந்து எடுத்துவர வேண்டிய புதையல் ஒரு உடைந்த அரவைக்கல். விலைப்பட்டியலில் அதற்கு என்ன விலை போடுவீர்கள் என்று பார்க்க ஆசை.

யாராவது நடத்தினால் எனக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள். நைட், விசர்ட் எதுவும் வேண்டாம், ஏல் சோதிக்கும் அதிகாரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சக ஆட்டக்காரன்